கள்ளியைக் கொன்றவன் வேலி

திருத்தணி மலையடிவாரத்தில் தேசப்பன் என்று விசாரித்தால் ஆறு பேரைக் காட்டுவார்கள். கள்ளிப்பூச்சி தேசப்பன் என்று விசாரித்தால்தான் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரலாம். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் கேலிக்குத்தான் வைத்திருப்பார். தேசப்பனோ அதை சர்க்கார் தனக்குக் கொடுத்த பட்டமாகவே நினைத்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் தலையை நிமிர்த்திப் பதில் சொல்லி வந்தான்.

பெருமைப்பட அவனுக்குக் காரணம் இருந்தது. அவனுடைய வாலிபத்தில் திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் வரைக்கும் வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும் சப்பாத்திக்கள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குள்ளே பாம்பு குடியிருந்தது, கீரி குடியிருந்தது, நரி குட்டி போட்டது. மனுஷன் மட்டும்தான் நுழைய முடியவில்லை. இந்த அவமானத்தை சர்க்காரால் பொறுக்க முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு பூச்சியை வரவழைத்தார்கள். கள்ளி மட்டையின்மேல் பஞ்சுத் துணுக்குப் போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, அசையாமல், அது பாட்டுக்குச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நசுக்கினால் விரல் ரத்தச் சிவப்பாகிவிடும். உலகத்தில் எத்தனையோ செடி இருந்தாலும் அதற்குக் கள்ளி ஒன்றுதான் சோறு. பூச்சி பிடித்த மட்டைகளைச் சுமந்து போய் நல்ல கள்ளிப் புதரில் செருகிவிட்டு வர ஆள் தேவைப்பட்டது. தேசப்பனுக்கு வயது இருபத்திரண்டு, சொந்தமாக ஒரு மூங்கில் கூடை இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் கள்ளி சாய்ந்தது. முள்ளை வளர்த்து மாட்டையும் ஆட்டையும் தூர நிறுத்திவைத்திருந்த செடி, இரண்டு முள்ளுக்கு நடுவே சௌகரியமாக உட்காரும் அளவுக்குச் சின்ன எதிரி வருவான் என்று எதிர்பார்க்கவில்லை. கூடை நிறைய மட்டையோடு தேசப்பன் ஊர் ஊராக நடந்தான். அவன் போன வழியெல்லாம் கள்ளி கறுத்து, அழுகி, நாறி, மண்ணோடு மண்ணானது. ஊர்க்காரர்கள் மோர் கொடுத்து உபசரித்தார்கள்.

காலியான இடம் காலியாக இருக்கவில்லை. கள்ளியின் நிழலில் தலையெடுக்க முடியாமல் கிடந்த உண்ணிச்செடிக்கும் ஆவாரைக்கும் திடீரென்று வெயிலும் மண்ணும் கிடைத்தன. அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆனால் அவற்றில் எதற்கும் ஓர் ஆட்டை நிறுத்தும் யோக்கியதை இல்லை. கள்ளி இருந்தவரைக்கும் கொல்லைகளுக்கு வேலி என்று ஒன்று தனியாகப் போட வேண்டியிருந்ததில்லை என்பது, கள்ளி போய்ப் பல வருஷம் கழித்துத்தான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. எல்லாருக்கும் கடைசியில் உறைத்தது தேசப்பனுக்கு. ஏனென்றால் அதுவரைக்கும் அவனுக்குக் கொல்லை கிடையாது.

அவனுக்குக் கொல்லை கிடைத்தது யுத்தத்தின் புண்ணியத்தில். அரிசி கிடைக்காமல் போனதும், தரிசாகக் கிடக்கிற மண்ணிலெல்லாம் தானியம் விளைய வேண்டும் என்று மேலே யாருக்கோ ஞானம் பிறந்தது. அந்த ஞானம் இங்கிலீஷில் கிளம்பி, சித்தூரைத் தாண்டி, தாலுகா கச்சேரியில் தெலுங்காகி, தண்டோராவில் தமிழாகித் தேசப்பன் காதுக்கு வந்தபோது நாற்பத்துநாலாம் வருஷம் சித்திரை. மலைக்கு வடக்கே, நந்தியாற்றுப் பக்கம் இறங்குகிற சரிவில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். மூன்று வருஷத்துக்குள் ஒரு வருஷமாவது உணவுப் பயிரை முழுசாக விளைவித்துக் காட்ட வேண்டும். காட்டினால் பட்டா. காட்டாவிட்டால் நிலம் சர்க்காருக்கே திரும்பிவிடும்.

இருபது வருஷமாகப் பிறத்தியார் கொல்லையில் குனிந்து நின்றவன் அவன். தன் சொந்த வரப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், பயிரைப் பார்த்தபடி ஒரு காலைப்பொழுது நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேராசை இருந்ததில்லை. அதற்கு முதலில் பயிர் நிற்க வேண்டும்.

பயிரை நிற்கவிடாதவள் மார்த்தாள். சரிவுக்குக் கீழே அவளுக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது, நாற்பது உருப்படி. அப்பன் காலத்திலேயே கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். புருஷன் செத்த பிறகு ஆடுகளைத் தனியாகவே பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவாள். அந்த நேரத்தில் ஆடுகள் தங்களுக்குத் தெரிந்த ஊழியத்தைத் தேசப்பன் கொல்லையில் செய்யும்.

முதல் வருஷம் அவன் கம்பு விதைத்தான். வேலிக்குக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டான். அடியில் இருந்த முள்ளைக் கரையான் தின்றது, மேலே இருந்ததை அக்கம்பக்கத்தில் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பு முழங்கால் உயரம் வந்தபோது நாற்பது ஆடும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதை வரவேற்று முடித்துவிட்டன. மறுநாள் தேசப்பன் பட்டிக்குப் போய் நின்றான்.

"யக்கா, உன் ஆட்டக் கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?"

"பார்த்துகினுதான் இருக்கேன். நல்லாத்தான் திங்குது."

"நான் இன்னாத்த சர்க்காருக்குக் காட்டுவேன்?"

"வேலி போடு தேசப்பா."

"போட்டேனே."

"அது வேலியா? அடுப்பு வெறகு." மார்த்தாள் குட்டி ஒன்றின் காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பேசினாள். "ஊருக்கே ஒரு வேலி இருந்துச்சு. அதுக்குக் கூடைல எமனத் தூக்கினு போனவன் நீதான. பஞ்சத்துல எங்க நைனா அந்த மட்டையத்தான் முள்ளு சுட்டு ஆடுங்களுக்குப் போட்டு உசுரக் காப்பாத்தினாரு. இப்ப மட்டையும் இல்ல. உன் கம்பு இருந்துச்சு, அதத் தின்னுச்சுங்க."

 வாயால் ஜெயிக்க முடியாத இடத்தில் தேசப்பன் வழக்கமாகச் செய்வது ஒரு பெரிய காரியத்தில் இறங்குவதுதான். நேரே கெங்கையம்மன் கோயிலுக்குப் போனான். தன் பயிரை ஆட்டின் வாயிலிருந்து காப்பாற்றிப் பட்டாவை வாங்கிக் கொடுத்தால் ஆத்தாளுக்கு ஒரு கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டான். நேர்ந்தவன் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே மார்த்தாளிடம் ஒரு கடாக்குட்டியை வாங்கினான். பூசாரி சுப்பன் அதன் காதில் ஓரமாக ஒரு வெட்டு வெட்டி, கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, ஊருக்குள் விட்டுவிட்டான். பொன் நிறமாக இருந்ததால் அதற்குப் பங்காரு என்று பெயர் வந்தது.

நேர்ந்துவிட்ட ஆட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அதை யாரும் கட்டிப்போடக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. அது எதை மேய்ந்தாலும் ஆத்தாள் மேய்ந்ததாகக் கணக்கு. பயிரில் மேய்கிற ஆடு மாட்டைப் பிடித்து அடைக்கிற பவுண்டுக்காரன்கூடக் காதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவான். இதெல்லாம் தேசப்பனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் யோசிக்காமல் விட்டதை அவன் பெண்சாதி ரஞ்சிதம் ஒரு நிமிஷத்தில் யோசித்துவிட்டாள்.

"ஆட்டுகிட்டேந்து காப்பாத்தச் சொல்லி ஆட்டையே நேர்ந்துகினு வந்தியா?" என்று கேட்டாள். "அடுத்த வருசம் மொளைக்கறத மொதல்ல யார் திங்கப் போறாங்க, சொல்லு?"

அது தெய்வ காரியம், பொம்பளைக்குப் புரியாது என்று தேசப்பன் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

இரண்டாம் வருஷம் அவன் உயிர்வேலி போடத் தீர்மானித்தான். ஆடு எந்தச் செடியைத் தின்னாது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆட்டைக் கேட்பதுதான் முறை. ஆனால் தேசப்பன் சர்க்கார் வேலை பார்த்தவன். பரிசோதனையைத் தானே செய்தான். மலையைச் சுற்றி நடந்து ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்தான். ஓடிப்போகக் கால் இல்லாத ஜீவன்கள் தங்களுக்குள்ளே என்னென்ன ஆயுதங்களை ஒளித்துவைத்திருக்கின்றன என்பதை அந்தத் தாலுகாவிலேயே அவன் ஒருவன்தான் நாக்கால் படித்தான். ஆடாதோடை கசந்தது. நொச்சி காரமாக நாறியது. ஊமத்தையைத் துப்பிவிட்டதால் பிழைத்தான். திருகுகள்ளியை ஒடித்து ஒரு சொட்டுப் பாலை நாக்கில் வைத்ததும் நாக்கு வீங்கிப் பேச்சு நின்றுபோனது. அது நல்ல செடி என்று அவனுக்குத் திருப்தி. மூன்று நாள் அவனால் பேச முடியாததில் ரஞ்சிதத்துக்கும் திருப்தி.

திருகுகள்ளியையும் காட்டாமணக்கையும் வரிசையாக நட்டான். ஆடுகள் அவற்றைத் தொடவில்லை. தொடாமல், இரண்டு செடிக்கு நடுவே இருந்த இடைவெளியில் பணிவாகத் தலையைக் குனிந்து உள்ளே போயின. தன்னைத் தின்னவிடாத செடி எல்லாம் வேலியாகிவிடாது என்ற பாடத்தை அந்த வருஷத்துக் கேழ்வரகைக் கொடுத்து அவன் கற்றுக்கொண்டான். வேலியில் இருந்த திருகுகள்ளி வேறு தன் பங்குக்கு ஓரத்துப் பயிரின் ஈரத்தை இழுத்துக்கொண்டது. முதலில் நுழைந்து பாதை காட்டியது பங்காரு. நல்ல உடம்பும் முறுக்கிய கொம்பும் வந்துவிட்ட அதன் பின்னால் மார்த்தாளின் ஆடுகள் சேவகர்கள் மாதிரி வந்தன. தேசப்பன் வரப்பில் நின்றுகொண்டு, மற்ற ஆடுகளை விரட்டலாம், ஆனால் நடுவில் நிற்கிற பங்காருவின்மேல் கல் பட்டுவிடக்கூடாதே என்ற சங்கடத்தில், எதையும் எறியாமல் வசை மட்டும் பாடிக்கொண்டிருந்தான். வசையிலும் பங்காருவின் பேரை விட்டுவிட்டான்.

அந்த நிலைமையில்தான் அவனுக்குச் சப்பாத்திக்கள்ளியின் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்பது சரியான வார்த்தை இல்லை. ராத்திரியும் பகலும் கண்முன்னால் அதுவே நின்றது. நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றாக மட்டை விட்டு, ஒரு பூனைகூட நுழைய முடியாமல். அவன் கொல்லாமல் விட்ட கள்ளி எங்காவது ஒன்று இருக்காதா என்று பழைய வழியெல்லாம் திரும்ப நடந்தான். ஒரு காலத்தில் மோர் கொடுத்த ஊர்களில், கள்ளி இருக்கிறதா என்று கேட்டான். கேட்டவர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்கள். அம்மையார்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாறை இடுக்கில், நெசவுக்காரப் பையன்கள் சொன்ன இடத்தில், ஒரே ஒரு குத்து உயிரோடு இருந்தது. தேசப்பன் அதன்முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு பன்னிரண்டு மட்டையை வெட்டி, அதே பழைய மூங்கில் கூடையில் வைத்து, ஒன்பது மைல் தலையில் சுமந்து வந்து கொல்லையின் கீழ்ப்பக்கத்தில் நட்டான்.

மட்டைகள் வேர்விட்டன. புது மட்டை துளிர்த்தது. ஊரில் அவன் நடை மாறியது. ஐந்தாவது மாதம் ஒருநாள் காலையில், ஒரு மட்டையின் இடுக்கில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. சாம்பலாக இருக்கும், பறவை எச்சமாக இருக்கும் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். தேசப்பன் அதைக் கட்டைவிரலால் நசுக்கினான். விரல் சிவந்தது. அந்தச் சிவப்பை அவன் எத்தனை ஊரில் எத்தனை பேருக்குக் காட்டி வித்தை செய்திருக்கிறான்! இப்போது தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பூச்சி கண்ணில் பட்டால் ஆயிரம் இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். மாசி முடிவதற்குள் பன்னிரண்டு மட்டையும் கறுத்துப்போயின.

"செஞ்ச வேல ரொம்ப நல்லாச் செஞ்சிருக்க தேசப்பா" என்றாள் மார்த்தாள். "இருவது வருசம் ஆயும் நிக்குது பாரு."

மூன்றாம் வருஷம்தான் கடைசி வருஷம். அவன் எதுவும் விதைக்கப் போவதில்லை, நிலத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் சொல்வதை ரஞ்சிதம் எப்போதும் போல வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு வேறொன்று மனசில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின வருஷம் கேழ்வரகு அழிந்த கொல்லையில், மூலையில் இருந்த குப்பை மேட்டில், அவள் வீசியிருந்த பூசணம் பிடித்த எள் தானாக முளைத்திருந்தது. சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாமல் மொட்டையாகக் கிடந்த இடத்தில் அந்த எள்ளுச் செடிகள் மட்டும் ஆடாமல் அசையாமல் பூத்து நின்றன. ஒரு பங்குனி மத்தியானம் அவள் அதை நினைத்து, கைப்பிடி எள்ளைக் கொல்லையில் போட்டுத் தண்ணீர் தெளித்து வந்தாள். முளைத்ததும் பங்காரு வந்து முகர்ந்தது. இலையில் இருந்த பிசுபிசுப்பும் ஒரு மாதிரியான நாற்றமும் மூக்கில் பட்டதும் தும்மிவிட்டுப் பக்கத்திலிருந்த கோரையை மேயப் போய்விட்டது. அவள் நேராக வீட்டுக்கு வந்து, எள் போடு என்று சொன்னாள். தேசப்பன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதைத்தான் தானும் சொல்ல நினைத்திருந்ததாகச் சொன்னான்.

ஆனி மழையில் எள் விதைத்தார்கள். எள்ளுக்கு ஒரு பலவீனம் உண்டு. முதல் ஒரு மாதம் அது சவலைப்பிள்ளை மாதிரி மெதுவாக வளரும். அதற்குள் கோரையும் அறுகும் மற்ற களைகளும் அதன் தலைக்குமேல் போய், வெயிலையும் ஈரத்தையும் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றரை ஏக்கர் களையை இரண்டு பேரால் எடுக்க முடியாது. ஆள் வைக்க வழி இல்லை. பதினைந்தாம் நாள் கொல்லையைப் பார்த்தால் களைதான் பயிர், எள்தான் களை என்று தோன்றியது. ஆட்டிடமிருந்து தப்பத் தெரிந்த செடி கோரையிடம் தோற்றுப்போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாள் கோயிலுக்குப் போனாள். பங்காரு முன்னால் வர, நாற்பது ஆடும் வழக்கம்போலக் கொல்லைக்குள் இறங்கின. தேசப்பனுக்குப் போய்த் தடுக்கவும் தெம்பில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால், கோரை இல்லை. அறுகு இல்லை. நாலைந்து செடி மிதிபட்டிருந்ததைத் தவிர, எள்ளு வரிசை வரிசையாகக் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றது. அவன் வரப்பில் நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் நின்றான். பிறகு பட்டிக்கு நடந்து போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மார்த்தாளிடம், புதன்கிழமையும் ஆடுகளை அனுப்ப முடியுமா என்று கேட்டான்.

மார்த்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நாக்கு மறுபடி வீங்கிடுச்சா, இல்ல மண்டையா?" என்றாள். ஆனால் அனுப்பினாள்.

ஆடியில் எள் பூத்தது. அப்போதுதான் பச்சைப் புழு வந்தது. விரல் தடிமன், வாலில் ஒரு கொம்பு. ஆட்டின் மூக்கைச் சுளிக்க வைத்த இலையை அது ஓரத்திலிருந்து நிதானமாக, விருந்துச் சாப்பாடு போலத் தின்றது. மற்ற குடியானவர்கள் எள்ளில் நாலு புழு இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு பூச்சி ஒரு செடியின் வம்சத்தையே என்ன செய்யும் என்று தேசப்பனைத் தவிர அந்தச் சரிவில் யாருக்கும் தெரியாது. அதனால் அந்தத் தாலுகாவிலேயே புழுவைக் கண்டு பயந்தவன் அவன் ஒருவன்தான். விடியற்காலையில் பழைய மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு போவான். செடி செடியாகக் குனிந்து, இலையைப் புரட்டி, புழுவைப் பிடித்துக் கூடையில் போடுவான். பூச்சியைக் கூடையில் கொண்டுபோய் விட்டவன், இப்போது பூச்சியைக் கூடையில் பொறுக்கிக்கொண்டு வந்தான். பதினோரு நாள் அப்படிப் பொறுக்கினான். காக்கைகளுக்கு அவன்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது.

ஆவணி முதல் வாரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். சித்தூர்ப் பக்கத்து மனுஷர், பாதி தெலுங்கில் பேசுவார். குடையை மடக்கிக்கொண்டு சரிவில் ஏறியவர் முதலில் பார்த்தது, வேலி என்று ஒன்று இல்லாத ஒரு கொல்லையையும் அதற்குள் நாற்பது ஆடு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருப்பதையும்தான். அவர் அதற்குமேல் பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாக நினைக்கவில்லை. நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்தார். தேசப்பன் ஓடி வந்தபோது அவர் பாதி வரி எழுதிவிட்டார்.

"சாமி, எழுதாதீங்க சாமி. கொஞ்சம் நில்லுங்க."

"ஏமய்யா, ஆடு உள்ள நிக்குது. இன்னும் இன்னா பாக்கணும்?"

"களை எடுத்துகினு இருக்குதுங்க சாமி."

இன்ஸ்பெக்டர் இருபது வருஷ சர்வீஸில் பலவிதமான பொய் கேட்டவர். இது புதுசாக இருந்தது. புதுசாக இருந்ததற்காகவே பேனாவை மூடாமல் கொஞ்சம் நின்று பார்த்தார். பங்காரு அவருக்கு எதிரே ஒரு எள்ளுச் செடியை முகர்ந்தது, தலையைத் திருப்பியது, அதன் அடியிலிருந்த அறுகைக் கடித்து இழுத்தது. அதன் பின்னால் வந்த ஆடுகளும் அதையே செய்தன. அவர் வரப்போரம் நடந்து வேறு இடத்தில் பார்த்தார். அங்கேயும் அதுதான். காய் பிடித்த எள் அவருடைய இடுப்பு உயரத்துக்கு நின்றது. எழுதிய பாதி வரியை அவர் மெதுவாக அடித்தார். 

ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒரு கேள்வியோடு விட்டுவிடுவாரா? எள் எண்ணெய் வித்து, உத்தரவில் இருப்பது உணவுப் பயிர். கம்பு, கேழ்வரகு, சோளம் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, இதை எதில் சேர்ப்பது என்று அவர் நெற்றியைத் தடவினார். தேசப்பனுக்கு நாக்கு வீங்காமலேயே பேச்சு நின்றது. அப்போது ரஞ்சிதம் வந்தாள். விதைத்தது போக மீந்த எள்ளில் வெல்லம் போட்டு இடித்த உருண்டைகளைத் தையல் இலையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சாப்பாடா இல்லயான்னு தின்னு பாத்து எழுதிக்கங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பரிசோதனை செய்தார். ஒன்றில் முடிவுக்கு வர முடியாததால் நாலு உருண்டை பரிசோதித்தார். இலையில் அத்தனை பாதுகாப்புச் செய்துகொண்ட எள்ளுச் செடி, விதை விஷயத்தில் சர்க்காரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. உணவுப் பயிர், முழு விளைச்சல், வேலி திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலி எது என்று அவரும் சொல்லவில்லை, தேசப்பனும் கேட்கவில்லை.

பங்குனியில் பட்டா வந்தது. தேசப்பன் அதை மடித்து மூங்கில் கூடையில் வைத்துப் பரணில் ஏற்றினான். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொந்த வரப்பில் ஒரு காலைப்பொழுது முழுவதும் நின்றான். அன்றைக்குக் கொல்லையில் பயிர் எதுவும் இல்லை, அறுத்த எள்ளின் கட்டைதான் இருந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே நின்றான். பங்காரு பக்கத்தில் வந்து நின்று, அவன் வேட்டித் தலைப்பை மெல்லத் தின்றது.

அப்போதுதான் அவனுக்குப் பாக்கி இருந்த விஷயம் நினைவுக்கு வந்தது. ஆத்தாள் தன் பங்கை முடித்துவிட்டாள். வைகாசியில் ஜாத்திரை.

ஒரு மாதம் அவன் வாதாடிப் பார்த்தான். ஆட்டின் வாயிலிருந்து காப்பாற்றினால் என்றுதானே நேர்ந்தது, ஆடு கொல்லைக்குள் வராமலா இருந்தது, தினம் வந்ததே, அப்படியானால் நேர்த்தி எப்படிப் பலித்ததாகும் என்று பூசாரி சுப்பனிடம் கேட்டான். பட்டா வந்துதா இல்லையா என்று சுப்பன் திருப்பிக் கேட்டான். அடுத்த ஆனியில் களைக்கு என்ன செய்வது, பங்காரு முன்னால் போகாவிட்டால் மார்த்தாளின் ஆடுகள் எள்ளுக் கொல்லைக்குள் எதற்கு வரும் என்று தேசப்பன் ரஞ்சிதத்திடம் புலம்பினான். இரண்டு வருஷம் ஆடுகளைச் சபித்த வாய்தான் அது. அவள் செக்கிலிருந்து வந்த புது நல்லெண்ணெய்க் குடத்தை அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜாத்திரை அன்று தேசப்பன் பங்காருவை ஊர் மெச்சக் கூட்டி வந்தான். கொம்பில் பூ, கழுத்தில் புது மஞ்சள் துணி, உடம்பு முழுவதும் நல்லெண்ணெய். ஆத்தாளுக்குப் போகிற ஆடு வறட்டுத் தோலோடு வரலாமா என்று, யாரும் கேட்காமலேயே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த ஊர் வழக்கத்தில், வெட்டுவதற்கு முன்னால் ஆட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் ஆத்தாள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். துலுக்காவிட்டால் வெட்டக்கூடாது. எண்ணெய்ப் பூச்சின்மேல் தண்ணீர் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் யோசித்திருக்கவில்லை.

சுப்பன் முதல் செம்பைத் தெளித்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு வயிற்றுப்பக்கம் இறங்கி மண்ணில் விழுந்தது. பங்காரு தோரணத்தில் தொங்கிய வேப்பிலையை எட்டிக் கடித்தது. இரண்டாவது செம்பு. பங்காரு வேப்பிலையை மென்றது. அந்தக் கசப்பு வேம்பு யாரைத் தடுக்கப் போட்டுக்கொண்ட வேலியோ, பங்காரு அதை மதிக்கவில்லை. மூன்றாவது செம்பு.  பங்காரு அடுத்த கொத்தைக் கடித்தது. சுப்பன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, ஆத்தாளுக்கு இன்னும் மனசு வரவில்லை, அடுத்த வருஷம் கொண்டுவா என்று சொல்லிவிட்டான்.

தேசப்பன் முகத்தை முடிந்தவரைக்கும் துக்கமாக வைத்துக்கொண்டு ஆட்டைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோயில் எல்லைக்குள் வராமல், மார்த்தாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். பங்காருவின் பளபளக்கிற முதுகை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை முகர்ந்து பார்த்தாள்.

"எத்தினி படி ஆச்சு தேசப்பா?" என்றாள்.

"ரெண்டு படி யக்கா" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "காதுக்குள்ளயும் உட்டேன்."

அதற்கடுத்த வருஷமும் ஆத்தாளுக்கு மனசு வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. பங்காருவுக்கு வயதாகித் தாடி நரைத்தது, நாற்பது ஆடு ஐம்பதாயின, எள் வருஷா வருஷம் நன்றாக விளைந்தது. வைகாசி பிறந்தால் ரஞ்சிதத்தின் வீட்டில் தாளிக்க மட்டும் எண்ணெய் இருக்காது.